எல்லோருக்கும் இறங்கியவர்

காலை ஐந்தே முக்கால். கண்டி வாவியின் மேல் பனி கிடந்தது. கரையோரச் சாலையில் முதலில் என் கண்ணில் பட்டது ஒரு சைக்கிளின் முன்சக்கரம். அது ஓடவில்லை, நின்றிருந்தது. அதன்பிறகு அதைப் பிடித்திருந்த கை, கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அவருக்கு முன்னால், தலையில் இடியாப்பக் கூடை வைத்த ஒரு பெண் வீதியைக் கடந்துகொண்டிருந்தாள். அவள் பனிக்குள் போய் மறையும்வரை அவர் சைக்கிளில் ஏறவில்லை. சாலை நல்ல அகலம். அவள் மீது படாமல் ஒரு லொறியே போயிருக்கலாம்.

அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. கொழும்பு வீதியில் ஒரு புடவைக் கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுப்பது அவர் வேலை. மலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, சிறு வயதிலேயே நகரத்துக்கு வந்துவிட்டவர். கூட வேலை செய்தவர்கள் அவரை 'எறங்குறவரு' என்றார்கள். 'எறங்குறவரைக் கூப்பிடு, அந்தப் பச்சைப் பட்டை எடுக்கட்டும்' என்று முதலாளியே சொல்லிக் கேட்டிருக்கிறேன். காரணம் எளிது. சைக்கிளில் போகும்போது எதிரே ஒரு மனிதர் வந்தால் அவர் இறங்கிவிடுவார். வருகிறவர் யார் என்று பார்ப்பதில்லை. நியாயவாதிக்கும் இறங்குவார், குப்பை கூட்டுகிறவளுக்கும் இறங்குவார். கடந்து போனபின் மறுபடி ஏறுவார். வணக்கம் வைப்பதில்லை, சிரிப்பதுமில்லை. இறங்கி நிற்பார், அவ்வளவுதான்.

நான் அப்போது கண்டியில் வாராவாரம் வந்த ஒரு சிறிய தமிழ்ப் பத்திரிகையில் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மலைச் சாலைகளில் சைக்கிள் பயணம் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று ஆசிரியர் கேட்டிருந்தார். அந்த வாரம் சட்டைத் துணி வாங்க அந்தப் புடவைக் கடைக்குப் போனபோது, துணி கிழித்த அவர் என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா கையில கட்டியிருக்கிறது ஓடுற கடிகாரமா, இல்ல சும்மா அழகுக்கா?"

"ஓடும். ஏன் கேக்கிறியள்?"

"வர்ற ஞாயித்துக்கெழம ஹேவாஹெட்ட பக்கம் போறேன். அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில வெச்சுத்தான் குத்தணும். பன்னண்டு மணிக்கு எமகண்டம் பொறந்துரும். அதுக்குள்ள ரெண்டு காதும் முடியணும். எங்கிட்ட சைக்கிள் இருக்கு, கடிகாரம் இல்ல. ஒங்ககிட்ட ரெண்டும் இருக்கு."

"தாய்மாமன் பிந்தினால் என்ன?"

"ஏற்கெனவே ரெண்டு தடவ லீவு கெடைக்காமத் தள்ளிப் போச்சுங்க. இந்தத் தடவயும் தவறுச்சுன்னா அக்கா எம் மூஞ்சியில முழிக்க மாட்டா. அவளுக்கு முந்தி ரெண்டு புள்ள தங்கல. அதனால நேரங்காலம் பாக்குறதுல ரொம்பக் கெட்டி."

துணியை மடித்தபடியே இதைச் சொன்னார். என் கட்டுரைக்கு ஒரு பயணமும் ஒரு துணையும் கிடைத்தன. "ஓம், வாறன்" என்றேன்.

அந்த ஞாயிறு காலை வாவிக் கரையில் சேர்ந்துகொண்டு, அம்பிட்டிய ஏற்றத்தில் இருவரும் சைக்கிளைத் தள்ளினோம். அவருடைய சைக்கிளின் பின் தாங்கியில் ஒரு பொதி. அதற்குள் கடையில் அவரே கிழித்த பாவாடைப் பட்டு. சட்டைப் பையில், துணியில் முடிந்து ஊக்கு குத்திய நிலையில், இரண்டு சிறிய பொன் வளையங்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போதெல்லாம் அந்தப் பையை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

ஏற்றத்தில் அவர் சொன்ன எதையும் நம்பக்கூடாது என்பதைச் சீக்கிரம் அறிந்துகொண்டேன். "இந்தத் திருப்பம் தாண்டினா எறக்கந்தாங்க" என்பார். திருப்பத்தைத் தாண்டினால் இன்னொரு ஏற்றம். "இது கணக்குல வராது, அடுத்த திருப்பத்தச் சொன்னேன்" என்பார். பொய் சொல்லும்போது அவருடைய முகம் மிகவும் சாந்தமாக இருக்கும். அவரோடு பின்னாளில் ஐந்தாறு முறை மலைப் பக்கம் போயிருக்கிறேன். ஒரு முறைகூட ஒரு தூரத்தைச் சரியாகச் சொன்னதில்லை.

பனி மெல்லக் கலைந்தபோது சாலையில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பாத்திரம் ஏந்திய ஒரு பிக்கு. வெற்றிலைக் கூடையோடு ஒரு பெண். மாட்டை இழுத்துவந்த ஒரு சிங்களக் கிழவர். எல்லோருக்கும் இறங்கினார். கிழவர் எங்களைக் கடந்ததும் நின்று, தன் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். யாரோ பெரிய மனிதர் வருகிறார், அவருக்குத்தான் இவன் இறங்கி நிற்கிறான் என்று நினைத்திருக்க வேண்டும். பின்னால் மாடு மட்டுமே இருந்தது. அன்று முழுவதும் இதைக் கவனித்தேன். அவர் இறங்கிய ஒவ்வொரு முறையும் எதிரே வந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அது தமக்குத்தான் என்று எவருமே எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்குச் சலித்துவிட்டது. "நாய் வந்தாலும் இறங்குவியளோ?" என்றேன்.

"கடிக்கிற நாயா இருந்தா ஏறிக்குவேன்" என்றார்.

"உண்மையாய்ச் சொல்லுங்கோ. ஏன் இப்பிடி?"

"காலு உளைச்சலுங்க. எறங்கி நின்னா கொஞ்சம் தேவல."

அதன்பின் இறக்கம் வந்தது. இந்த முறை உண்மையான இறக்கம். பழைய சைக்கிள்களின் பிரேக்கை அந்தச் சரிவில் நம்பக்கூடாது. அவர் ஓரத்திலிருந்து இலையோடு இரண்டு பெரிய கிளைகளை ஒடித்து, ஒன்றை என் பின் தாங்கியிலும் ஒன்றைத் தன்னுடையதிலும் கயிற்றால் கட்டினார். கிளை தரையில் இழுபட்டு வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். நாங்கள் இரண்டு மரங்கள் போல மலையிலிருந்து இறங்கினோம். பின்னால் புழுதி எழுந்து வெயிலில் நின்றது. இலைகள் தரையில் உரசும் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. பாதித் தூக்கத்தில் போவதுபோல இருந்தது. கீழே பள்ளத்தாக்கில் வயல்கள் படிப்படியாகத் தெரிந்தன. அவற்றில் தண்ணீர் நின்றது, தண்ணீரில் மேகம் நின்றது. அந்த இறக்கம் முடியக்கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, முன்னால் போன அவருடைய கிளை திடீரென்று நின்றது. தண்ணீர்க் குடத்தோடு ஒருத்தி ஏறி வந்துகொண்டிருந்தாள். அவர் இறங்கி நின்றார். நான் அவரை இடிக்காமல் ஓரத்து மண்மேட்டில் ஏறி விழுந்தேன். குடத்துக்காரி சிரித்துக்கொண்டே போனாள். அவள் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

தலாத்துஓயாவில் ஒரு தேத்தண்ணிக் கடை. நடத்தியவர் மடவளைப் பக்கத்து முஸ்லிம் பெரியவர். அண்ணன் என்ற பொருளில் எல்லோரும் அவரை 'நானா' என்று அழைத்தார்கள். என் துணைவர் முகம் கழுவக் கடைக்குப் பின்னால் இருந்த பீலிக்குப் போனார். நானா என் முழங்கையில் இருந்த சிராய்ப்பைப் பார்த்தார்.

"கதிரைய இழுத்துப் போட்டு இரிங்க தம்பி. அவரோட வந்தா இப்பிடித்தான். யாருக்கு எறங்கினார்?"

"தண்ணி கொண்டு வந்த ஒரு பொம்பிளைக்கு. அது என்ன பழக்கம் நானா? கேட்டால் கால் உளைச்சல் எண்டு சொல்லுறார்."

"கால் நல்லாத்தான் ஈக்குது. நான் செல்றன் கேளுங்க. புதுச் சைக்கிள் வாங்கின மாசம் அக்காக்குக் காட்டப் பெய்த்தார். தோட்டத்து ரோட்டுல தொர குதிரைல வந்தாராம். இவர் டவுன் ஆள்தானே, எறங்கல்ல. தொர ஒரு வார்த்த பேசல்ல. அடுத்த நாள் காலைல மச்சானுக்கு வேல இல்லண்டு செல்லிட்டாங்க. அந்தக் கெழம முழுக்க இல்ல. அக்கா ஆள் அனுப்பி அழுதிருக்கா, எறங்கினா ஒனக்கு என்ன கொறஞ்சு போகும்ண்டு."

தோட்டங்களில் அந்த நாட்களில் இருந்த வழக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். வெள்ளைக்காரத் துரை வழியில் வந்தால் தொழிலாளி குடையை மடக்க வேண்டும், தலைத்துணியை எடுக்க வேண்டும். சைக்கிளில் வருபவன், அவன் கணக்கப்பிள்ளையே ஆனாலும், இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களுக்கு வெளியாள் வந்து போவதும் துரையின் அனுமதியில்தான் நடந்தது. அனுமதியை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

நானா தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே தொடர்ந்தார். "அடுத்த மாசம் வந்தார். இந்தக் கடைக்கு முன்னால எனக்கு எறங்கி நிண்டார். நான் பயந்து பெய்த்தன். எங்கட ஊட்டுல யாரும் மவுத்தாகி, அந்தச் செய்தியத்தான் கொண்டு வந்து நிக்கிறாரோண்டு. பொறகு பார்த்தா, வண்டிக்காரனுக்கும் எறங்குறார், மீன் கூடைக்காரனுக்கும் எறங்குறார். எல்லாருக்கும் எறங்குற ஆள் தொரைக்கும் எறங்கினா, அதுல தொரைக்கு என்ன ஈக்குது, நீங்க செல்லுங்க?"

அவர் முகத்தைத் துடைத்தபடி வந்தார். "என்ன நானா, நம்ம கதைய வித்தாச்சா?"

"விக்கல்ல. தேத்தண்ணியோட சும்மா குடுத்தன்."

இருவரும் சிரித்தார்கள். மணி என்ன என்று என்னைக் கேட்டார். எட்டரை என்றேன். "போதும், நெறையக் கெடக்கு" என்றார். தூரத்தைப் போலவே நேரத்தையும் அவர் தனக்குச் சாதகமாகத்தான் கணக்கிட்டார்.

தலாத்துஓயாவுக்கு மேலே சாலை மலையின் உடம்போடு ஒட்டி வளைந்து வளைந்து ஏறுகிறது. அந்த ஏற்றம் இப்போது என் நினைவில் சத்தமில்லாத ஒன்றாகவே இருக்கிறது. ஒரு வளைவில் வெயில், அடுத்ததில் மேகம். மேகத்துக்குள் போனால் அவருடைய முதுகு மறைந்துவிடும், சைக்கிள் சங்கிலியின் டிக் டிக் மட்டும் கேட்கும். அது நின்றால் முன்னால் யாரோ வருகிறார்கள் என்று அர்த்தம். சற்றுக் கழித்து ஒரு கிழவனோ, முதுகில் மூட்டையோடு ஒரு பெண்ணோ மேகத்திலிருந்து வெளிப்பட்டு, தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி என்னைக் கடந்து போவார்கள். டிக் டிக் மறுபடி தொடங்கும். எத்தனை முறை இப்படி நடந்தது என்று தெரியாது. தேயிலை வாசனை எங்கிருந்தோ வந்தது. கால்கள் யாருடையவையோ போல மிதித்தன.

தோட்டத்தின் எல்லைக் கல்லை அடைந்தபோது பத்தே முக்கால்.

அங்கிருந்து லயங்கள் வரை, மலைச் சரிவில் வெட்டிய சமதளமான தோட்டத்துச் சாலை. நாள் முழுவதும் ஏறிய கால்களுக்கு அது ஒரு பரிசு. இரண்டு பக்கமும் தேயிலை, இடையிடையே நிழல் மரங்கள், கீழே மேகம். சைக்கிளில் இருபது நிமிடத்துக்கு மேல் ஆகாது என்றார். அதை நான் இரண்டாகப் பெருக்கிக்கொண்டேன். அப்படியும் நேரம் மிச்சமிருந்தது.

சிறிது தூரம் போனதும் விறகுக் கட்டோடு நான்கு பெண்கள் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வேலை இல்லை. விறகு பொறுக்கிக்கொண்டு, லயத்துக்குத் திரும்பும் குறுக்குப் பாதையிலிருந்து சாலைக்கு ஏறினார்கள். அவர் இறங்கி நின்றார். பெண்களுக்கு அவரைத் தெரியும்.

"ஏய், தொரசாணி வர்றாடி, வழி விடு" என்று ஒருத்தி முன்னால் போனவளின் விறகைப் பிடித்து இழுத்தாள்.

"ஒனக்குத்தான்டி எறங்கியிருக்காரு. ஒம் மூஞ்சியப் பாத்து."

"என்னாண்ணே, பட்டு வாங்கியாந்தீங்களா? அக்கா காலையிலேருந்து வாசலுக்கும் கோயிலுக்கும் நடக்குது."

அந்தச் சிரிப்பின் நடுவே குதிரை வந்தது. வளைவைச் சுற்றி அது வந்ததை எவரும் கேட்கவில்லை. குதிரையின் மேல் துரை. பின்னால் குடையை மடக்கிக் கையில் பிடித்தபடி கணக்கப்பிள்ளை நடந்து வந்தார். பெண்கள் ஓரத்துக்கு ஒதுங்கி வாயை மூடிக்கொண்டார்கள். என் சைக்கிளை அப்போது ஓட்டிக்கொண்டிருந்தேனா, நிறுத்தியிருந்தேனா என்று நினைவில்லை. நினைவில் இருப்பது துரையின் பார்வை. அது என்மீது இல்லை. இறங்கி நின்றவரையும், விறகுக்காரப் பெண்களையும் மாறி மாறிப் பார்த்தது.

"ஏய். நீ யாருக்கு எறங்கினது?" துரை பேசியது தோட்டத்தில் கற்ற தமிழ்.

"இந்தம்மாவுக்குங்க."

"அம்மா? அது கூலி."

துரை கைப்பிரம்பால் மேட்டைக் காட்டினார்.

"நான் மேலேருந்து பார்த்தது. நீ வண்டிக்காரனுக்கு எறங்கும். கூலிக்கு எறங்கும். எனக்கும் எறங்கும். எல்லாம் ஒண்ணா? இது என்னோட ரோடு. இங்க எனக்கு மட்டும் எறங்கணும்."

"தொர வரும்போது நான் ஏற்கெனவே எறங்கித்தானுங்களே நின்னேன்."

"அப்போ ஏறு. இப்போ ஏறு. ஏறிட்டு எனக்கு எறங்கு."

கணக்கப்பிள்ளை தரையைப் பார்த்தார். பெண்களில் ஒருத்தியின் தலையில் விறகு ஆடியது. ஏறி இறங்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மூச்சு. அதன்பின் இருபது நிமிடச் சாலை, பன்னிரண்டுக்கு முன் கோயில். மறுத்தால் அனுமதி போகும். அக்காவின் வாசலை இனி அவர் மிதிக்க முடியாது. மச்சானின் வேலை மறுபடி நிற்கும். இவை எல்லாம் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அவர் சட்டைப் பையை விரலால் தொட்டார். அவருடைய முகம் மிகவும் சாந்தமானது. அந்த முகத்தைக் காலையிலிருந்தே எனக்குத் தெரியும்.

"ஏற முடியாதுங்க தொர. இன்னைக்கு எங்க அக்கா மகளுக்குக் காதுகுத்து. நான் தாய்மாமன். தோட்டத்து எல்லையிலேருந்து தாய்மாமன் நடந்துதான் வரணும். வண்டியில ஏறக்கூடாது. வழக்கமுங்க."

வழக்கம் என்ற சொல்லைத் துரைமார் கவனமாகக் கையாள்வார்கள். கூலியைக் குறைப்பார்கள், ஆளை விரட்டுவார்கள், ஆனால் சாமி காரியத்திலும் சடங்கிலும் கை வைத்தால் அடுத்த நாள் மலைக்குக் கொழுந்து பறிக்க ஆள் வராது என்பது அவர்களுக்குத் தெரியும். துரை கணக்கப்பிள்ளையின் பக்கம் திரும்பினார்.

"அப்படி இருக்கா?"

கணக்கப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "சில ஊர்ப் பக்கம் உண்டுங்க, தொர."

"நீ சொல்லு." துரையின் பிரம்பு விறகுக்காரப் பெண்களில் மூத்தவளை நீட்டிக் காட்டியது.

அவள் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "ஆமாங்க தொர. நடந்துதான் வரணும். ஏறினா புள்ளைக்கு ஆகாதுங்க. நாங்க அழைச்சுக்கிட்டுப் போகத்தான் வந்தோம்."

"விறகோட?"

"விறகு பொங்கலுக்குங்க" என்றாள் இன்னொருத்தி.

துரை நால்வரையும் பார்த்தார். "சரி. நட" என்றார். பிறகு குதிரையைத் திருப்பி, நாங்கள் நடக்க நடக்க, எங்கள் பின்னாலேயே மெதுவாக வந்தார்.

அந்த ஊர்வலத்தை என்னால் மறக்க முடியாது. முன்னால் விறகுக் கட்டுகளோடு நான்கு பெண்கள். நடுவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தாய்மாமன். அவர் பக்கத்தில் நான், என் சைக்கிளோடு. பின்னால் குதிரையின் குளம்புச் சத்தம். கடைசியில் கணக்கப்பிள்ளை. மேகம் கீழிருந்து ஏறி வந்து எங்களை மூடியது, விலகியது, மறுபடி மூடியது. பிறகு மூத்தவள் ஒரு கையால் விறகைப் பிடித்துக்கொண்டு, மறு கையை வாயருகே வைத்துக் குலவையிட்டாள். மற்ற மூவரும் சேர்ந்துகொண்டார்கள். மேகத்துக்குள் அந்த ஒலி நான்கு பக்கமும் சுற்றியது. குதிரை முன்கால்களைத் தூக்கியது. துரை ஏதோ ஆங்கிலத்தில் சொல்லி அதை அடக்கப் பார்த்தார். பெண்கள் இரண்டாம் முறை இன்னும் நீளமாகக் குலவையிட்டார்கள். குதிரை திரும்பியது. பங்களாவுக்குப் போகும் பிரிவில் அதன் குளம்புச் சத்தம் மேலேறித் தேய்ந்தது.

கணக்கப்பிள்ளை ஓடிவந்து என் துணைவரின் முழங்கையைப் பிடித்தார். "பாவிப் பயலே, என்னயும் பொய் சொல்ல வெச்சிட்டியே."

"நீங்க பொய் சொல்லலியே. சில ஊர்ப் பக்கம்னீங்க. எந்த ஊருன்னு சொல்லல."

"வாய மட்டும் நல்லா வளத்து வெச்சிருக்க" என்று கணக்கப்பிள்ளை குடையை விரித்துக்கொண்டு பங்களாப் பாதையில் ஏறினார்.

மணி பதினொன்று பத்து. "இனி ஏறுங்கோ" என்றேன். "துரை போயிட்டார். நடந்தால் நேரத்துக்குப் போய்ச் சேர ஏலாது."

"எப்பிடிங்க ஏறுறது? இந்த நாலு பேரும் எனக்காகத் தொர முன்னாடி வாயத் தொறந்து சொல்லிட்டாங்க. நான் ஏறினத எவனாவது பாத்துப் போய்ச் சொன்னா, இவங்க சொன்னது பொய்யாப் போயிரும். நாளைக்குக் காலையில மலைக்குப் போறது நீங்களும் நானும் இல்ல."

"அண்ணே, நாங்க பாத்துக்கிறோம், நீங்க போங்க" என்றாள் மூத்தவள்.

"ஒன்ன யாரு கேட்டா? விறகு பொங்கலுக்குன்னு சொன்னீங்கல்ல. பொங்கல் இருக்கா?"

"அரிசி இல்ல."

"அப்ப பேசாம நட."

வேகமாகத்தான் நடந்தார். ஓரிடத்தில் ஓடவும் செய்தார். எல்லா வளைவிலும் "இது தாண்டினா கோயிலுங்க" என்று பெண்களிடமும் சொன்னார். அங்கேயே பிறந்து வளர்ந்த அவர்கள் அதற்குச் சிரித்தார்கள். அந்தச் சமதளச் சாலையில் கடைசிவரை எங்கள் சக்கரங்கள் ஆளேறாமல் வெறுமனே உருண்டன.

பல ஆண்டுகள் கழித்து வேறொரு வேலையாக அந்தத் தோட்டத்துக்குப் போனேன். வேறு துரை வந்திருந்தார். எல்லைக் கல்லருகே, புதுச் சட்டை போட்ட ஒரு இளைஞர் சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளத் தொடங்கினார். பின் தாங்கியில் ஒரு தட்டு, துணியால் மூடியிருந்தது. ஏன் தள்ளுகிறீர்கள், காற்றுப் போய்விட்டதா என்று கேட்டேன்.

"இல்லீங்க. காதுகுத்து. தாய்மாமன்னா எல்லைக் கல்லுலேருந்து நடந்துதான் வரணும். எங்க பாட்டன் காலத்து வழக்கம்" என்றார்.

கண்டிக்குத் திரும்பி என் பழைய துணைவரிடம் சொன்னேன். அவர் துணியை அளந்துகொண்டிருந்தார். அளவுகோல் நின்றது. "பாவம், அந்த ரோட்டுல சைக்கிள் விட்டா எவ்வளவு சொகமா இருக்கும்" என்றார். பிறகு கிழித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன். லயத்துக்கு மேலே, தகரக் கூரை போட்ட சிறிய மாரியம்மன் கோயில். முன்னால் பாய் விரித்து, ஒரு தாம்பாளத்தில் வாழைப்பழமும் வெற்றிலையும். காது குத்தும் ஆசாரி பாயின் ஓரத்தில் சலிப்போடு உட்கார்ந்திருந்தார். அக்கா எங்களை நோக்கிக் கீழே இறங்கி வந்தாள். தம்பியைவிட உயரமான, ஒடிசலான பெண். இடுப்பில் மூன்று வயதுக் குழந்தை, தூக்கக் கண்களோடு.

"சைக்கிள் வெச்சிருக்கிறவன் வர்ற நேரமாடா இது? இன்னைக்கு எத்தன பேருக்கு எறங்கின? இந்தா, அந்த ஐயாவோட கடிகாரத்தப் பாரு."

விறகுக்காரப் பெண்கள் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். துரை, குதிரை, வழக்கம், குலவை. அக்கா கேட்டுக்கொண்டே வந்தாள். கேட்டு முடித்ததும் தம்பியின் புழுதி படிந்த கால்களை ஒருமுறை பார்த்தாள். "உக்காரு" என்றாள். குரல் மாறியிருந்தது.

அவர் பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். பட்டைப் பிரித்துக் குழந்தைக்குச் சுற்றிவிட்டு மடியில் வைத்துக்கொண்டார். பையிலிருந்த முடிச்சை அவிழ்த்து இரண்டு வளையங்களையும் ஆசாரியின் உள்ளங்கையில் வைத்தார். என்னைப் பார்த்தார். "இன்னும் எட்டு நிமிஷம்" என்றேன். ஆசாரி குழந்தையின் வலது காதைத் தடவினார். பெண்கள் குலவையிட்டார்கள். வலது காது முடிந்தது.

குழந்தை முதலில் அழவில்லை, வியந்தது. அதன்பிறகு கத்தியது. கத்திக்கொண்டே இரண்டு கைகளையும் இடது காதின் மேல் வைத்து இறுக்கி மூடிக்கொண்டது.

"கையப் பிடிச்சு எடுடா" என்றாள் அக்கா.

அவர் குழந்தையின் முகத்தருகே குனிந்தார். "கொஞ்சம் எடுக்கிறீங்களா, தாயி?" என்று கேட்டார்.

குழந்தை மாட்டேன் என்று தலையை ஆட்டியது.

"டேய், எமகண்டம் பொறக்கப் போகுதுடா. இழுடா கைய."

"அவளே எடுக்கட்டும்க்கா."

ஆசாரி ஊசியைப் பிடித்தபடி காத்திருந்தார். எவரும் குலவையிடவில்லை. அக்கா ஒரு முறை குழந்தையின் கையை நோக்கித் தன் கையை நீட்டினாள், நீட்டியதைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். அவர் குழந்தையின் வாயருகே வாழைப்பழத்தைப் பிடித்திருந்தார். வேறொன்றும் செய்யவில்லை. கேட்பதையும் நிறுத்தவில்லை. மேகம் கோயிலுக்குள் வந்து போனது. குழந்தையின் அழுகை விக்கலாகி, விக்கல் நின்றது.

அது தானாகக் கையை எடுத்தபோது பன்னிரண்டு கடந்து ஒன்பது நிமிடம்.